தொட்டுக்க என்ன?

ஜெபஷீலா டீச்சர் எந்தப் பிள்ளையையும் "சாப்ட்டியா?" என்று கேட்கமாட்டார். அது என்ன கேள்வி! மூன்று வேளை பட்டினி கிடந்த பிள்ளையிடம் கேட்டாலும் "சாப்ட்டேன் டீச்சர்" என்றுதான் பதில் வரும். இருபத்தாறு வருஷமாகக் காலை எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று அவர் கேட்பது, "என்ன சாப்ட?" என்றுதான். "இட்லி டீச்சர்" என்றால் அதோடும் விடமாட்டார். "தொட்டுக்க என்ன?" என்பார். பொய் சொல்கிற பிள்ளைக்கு இட்லி வரைக்கும் வாயில் வந்துவிடும். சட்டினி அரைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த அரை நொடியில் டீச்சர் பிடித்துவிடுவார். பிடித்தபின் ஒரு வார்த்தை திட்டமாட்டார். "என் மேசையில பன்னு இருக்கு, போய் எடுத்துத் தின்னுட்டு வகுப்புக்குப் போ" என்று மட்டும் சொல்வார்.

இந்த வித்தை அவருக்குப் பிறந்த வீட்டிலேயே வந்தது. போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஏசுதாசனின் ஒரே மகள். குடம் வாங்க வந்தவர் யார், சும்மா விலை கேட்டுவிட்டுப் போக வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர் டீச்சர். தனக்குத் தெரியாமல் ஒரு பிள்ளை ஒரு சங்கதியை மறைத்துவிட முடியாது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அறிவியல் பாடம் நன்றாக எடுப்பார், பிள்ளைகள் மீது உயிராக இருப்பார். கோபம் வந்தால் மட்டும் நரம்பில்லாத நாக்கு.

பள்ளிக்கூடம் தேவாரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளைப் பெற்றவர்களில் பாதிப்பேர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்காரர்கள். கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு ஜீப்பில் ஏறிக் கேரளாவுக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். சிலர் அங்கேயே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கி, வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ இறங்கி வருவார்கள். பிள்ளையை எழுப்பிவிட, தலைசீவிவிட, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க வீட்டில் ஆள் இருக்காது.

இதற்குத்தான் தலைமையாசிரியர் ராக்கையா எட்டு வருஷத்துக்கு முன்னால் பந்தி முறையைக் கொண்டுவந்தார். பெரிய படிப்பெல்லாம் படித்துக் கண்டுபிடித்ததில்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதாம். ஒரு ஆசிரியருக்கு இருபது பிள்ளைகள். எல்லா வகுப்பிலிருந்தும் கலந்து எடுத்த இருபது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ஆசிரியரோடுதான் வரிசையாக உட்கார வேண்டும். ஆறாவதில் ஒரு பந்தியில் உட்கார்ந்த பிள்ளை பத்தாவது முடிக்கிறவரை அதே பந்தி. யார் வரவில்லை, யார் சோற்றை அளைந்துகொண்டே இருக்கிறது, யார் இரண்டாந்தரம் வாங்கி டப்பாவில் ஒளிக்கிறது, எல்லாம் அந்த ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ராக்கையா எல்லோரையும் உட்காரவைத்து, "ஒங்க பந்தியில யாரு சோத்தை அளையிறது?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். "பந்திக்கு முந்து" என்று அந்த ஊரில் யாராவது சொன்னால், அது சோற்றாசைக்காரனைக் கேலி செய்வதாக இருக்காது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளையை விரட்டுவதாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரு பந்தி நோட்டு உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அப்பா எங்கே, அம்மா எங்கே, சமைப்பது யார், ராத்திரி யாரோடு படுக்கிறது. ஜெபஷீலா டீச்சரின் நோட்டில் பதினொரு பக்கங்களில் ஒரே மாதிரி எழுதியிருக்கும்: "அம்மா: மேலே." அந்த வட்டாரத்து மனிதர்களுக்கு மேலே என்றால் மலைக்கு மேலே. ஏலத்தோட்டம். அவ்வளவுதான்.

போன ஜூன் மாதம் தேவயானி என்ற பெண் கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தாள். நாகப்பட்டினத்துப் பக்கம். பந்தி முறை எப்படி நடக்கிறதென்று தெரிந்துகொள்ளட்டும் என்று ராக்கையா ஜெபஷீலாவின் நோட்டை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தவள் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. மறுநாள் பதினொரு பேனா வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பதினொரு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தலையைத் தடவி, "அம்மா இல்லைன்னு நினைக்கக் கூடாது, நான் இருக்கேன்" என்று கண்கலங்கக் கொடுத்தாள். பிள்ளைகள் முழித்தார்கள். ஒரு பயல் மட்டும் தைரியமாக, "எங்க அம்மா சனிக்கிழம வந்துருவாகளே டீச்சர்" என்றான்.

ஆசிரியர் அறை அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! ஜெபஷீலாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடியாத்தே! பதினோரு பொம்பளைகளை ஒரே நாள்ல அடக்கம் பண்ணிட்டியே தாயி! இங்கன மேலன்னா கேரளா. செத்துப்போனா நாங்க தவறிட்டாகன்னு சொல்லுவோம்" என்றார். தேவயானிக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு 'மேலே டீச்சர்' என்று பட்டப்பெயர். நல்ல பெண், அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி யுவராணி. எட்டாம் வகுப்பு. அதே ஜூனில்தான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அப்பா முத்துராஜா கடமலைக்குண்டிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து, திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு பிடித்து, தினமும் ஜீப்பில் போய்வருகிறவர். பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று விசாரித்ததே ஜெபஷீலாதான்.

"அம்மா என்ன செய்றாக?" என்று கேட்டார்.

முத்துராஜா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ மேல போயிட்டா டீச்சர்" என்றார்.

"அதனால என்ன? இங்கன பாதிப் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான். கவலைப்படாதீக, நாங்க பாத்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். முத்துராஜா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாதிப் பிள்ளைகளுக்கா என்று அந்த மனிதர் மலைத்திருப்பார், பாவம்.

யுவராணி வாசலில் ஒருநாளும் தடுமாறினதில்லை. "என்ன சாப்ட?" "உப்புமா செஞ்சேன் டீச்சர்." "தொட்டுக்க என்ன?" "சீனி." டக் டக்கென்று வரும் பதில். இன்னொரு நாள் பழைய சோறு, சுட்ட வத்தல். இன்னொரு நாள் தோசை, தக்காளிச் சட்டினி, அதில் உப்புக் கூடிப்போச்சு என்ற கூடுதல் தகவல் வேறு. செஞ்சேன், செஞ்சேன் என்றுதான் சொன்னாள், செஞ்சாக என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. தாய் தோட்டத்தில் தங்கியிருக்கிற வீடுகளில் பெண்பிள்ளைதானே சமைக்கும்? கெட்டிக்காரி என்று டீச்சர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

செப்டம்பரில் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார்கள். யுவராணிக்கு ஹீமோகுளோபின் எட்டுத்தான் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் போதுமா? முருங்கைக்கீரை, தட்டப்பயறு என்று பெற்றவளிடம் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாமா? மாதத்தில் இரண்டாம் ஞாயிறு தோட்டத்துக்கு ஜீப் போகாது. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் தாய்மார் கூட்டம். லயத்தில் தங்கியிருக்கிறவர்கள்கூட அதற்காக இறங்கி வந்துவிடுவார்கள். மாதாமாதம் யுவராணியிடம் சொல்லியனுப்பியும், செப்டம்பரில் அவள் அம்மா வரவில்லை. அக்டோபரிலும் வரவில்லை. டீச்சருக்கு உள்ளே புகைய ஆரம்பித்தது.

நவம்பர் கூட்டத்துக்கும் ஆள் இல்லை. மறுநாள் மத்தியானம் பந்தியில், சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"ஏன் ஒங்க அம்மா வரல?"

"அவுக வரமாட்டாக டீச்சர்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

யுவராணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "மேல போனவுக எப்பிடி டீச்சர் வருவாக?" என்றாள்.

டீச்சருக்கு அது திமிராகப்பட்டது. பிள்ளையின் திமிர்கூட இல்லை, அந்தத் தாயின் திமிர் பிள்ளை வாயில் வருவதாகப்பட்டது. மற்ற பொம்பளைகள் மலையிலிருந்து இறங்கி வரவில்லையா? இவளுக்கு மட்டும் என்ன வந்தது? கோபம் தலைக்கேறிவிட்டது.

"பெத்த பிள்ளைய விட ஒங்க ஆத்தாளுக்கு ஏலக்காய் பெருசாப் போச்சா? இந்தா பாரு, அவுகளைக் கூட்டிக்கிட்டு வா. அதுவரைக்கும் என் பந்தியில வந்து உக்காராத!"

மற்ற பத்தொன்பது பிள்ளைகளும் கையைச் சோற்றில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யுவராணி அழவில்லை. தட்டிலிருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். டீச்சர் கூப்பிடவில்லை. சாயந்தரம் கோபம் இறங்கியபின், நாளைக்கு வந்தால் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

மறுநாள் வரவில்லை. புதனும் இல்லை, வியாழனும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொலவடை உண்டு: ஒரு வாரம் விட்டால் பிள்ளை கீழே, இரண்டு வாரம் விட்டால் பிள்ளை மேலே. காய் எடுக்கிற காலத்தில் இரண்டு வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை ஜீப்பில் ஏறிவிடும். ஏறிய பிள்ளை வகுப்புக்குத் திரும்புவது குதிரைக் கொம்பு. முந்தின வருஷங்களில் இரண்டு பெண்களை அப்படி இழந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாங்களாகப் போனவர்கள். இவளை விரட்டிவிட்டது தன் வாய் என்று ஜெபஷீலாவுக்குத் தெரியும். வாசலில் நின்று "என்ன சாப்ட?" என்று கேட்பதே அந்த நாட்களில் அவருக்குக் கசந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ராக்கையா கேட்டார்: "ஒங்க பந்தியில ஒரு எடம் காலியா இருக்கே டீச்சர்?"

ஜெபஷீலா மறைக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி, ஏலக்காய் உட்பட, சொன்னார். ராக்கையா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ன டீச்சர், இப்பிடிப் பேசிட்டீகளே" என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த தேவயானி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"டீச்சர், ஜூன் மாசம் நான் பேனா கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"பத்துப் பிள்ளைங்க மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டாங்க. எங்க அம்மா இருக்காங்க, இது எங்களுக்கு வேண்டாம்னு. யுவராணி மட்டும் திருப்பித் தரலை. தேங்ஸ் டீச்சர்னு சொல்லி வச்சுக்கிட்டா. எல்லாரும் சிரிச்சுட்டீங்களா, அதுக்கப்புறம் எனக்குச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

ஜெபஷீலா எழுந்து பந்தி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். அம்மா: மேலே. தன் கையெழுத்துத்தான். முத்துராஜா கடமலைக்குண்டுக்காரர். அந்த வருசநாட்டுப் பக்கத்தில் மேலே என்றால் அது வேறு, அங்கே ஏலத்தோட்டமும் கிடையாது, ஜீப்பும் கிடையாது. நாகப்பட்டினத்துப் பெண்ணுக்கு ஒரு பார்வையில் புரிந்தது, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தனக்குப் புரியவில்லை. "கர்த்தாவே" என்று நோட்டை மூடினார்.

தேவயானியின் ஸ்கூட்டியில் இருவரும் போனார்கள். திராட்சைப் பந்தல்களைத் தாண்டி, வரிசை வீடுகளில் கடைசி வீடு. யுவராணி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, சுவரில் படம் தெரிந்தது. முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். பிளாஸ்டிக் மல்லிகை மாலை. சின்னச் சிவப்பு பல்பு. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

"எப்ப ஆத்தா?" என்றார் ஜெபஷீலா.

"போன மாசி மாசம். மஞ்சக் காமாலை." கீரைக் காம்பைக் கையில் திருகிக்கொண்டே சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஒங்களுக்குத் தெரியும்னுதான் இருந்தேன் டீச்சர். அப்பா சேக்கும்போதே சொல்லிட்டாகள்ல? தெரிஞ்சும் கூட்டிக்கிட்டு வான்னு சொன்னீகளேன்னுதான்..."

இந்த ஐந்து மாதமும் பிள்ளை என்ன நினைத்திருந்தாள் என்பது ஜெபஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாய் செத்தது தெரிந்துகொண்டே மாதாமாதம் தாயைக் கூட்டிவரச் சொல்கிற டீச்சர். தெரிந்துகொண்டே, செத்தவளை ஏலக்காயோடு வைத்துப் பேசிய டீச்சர். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தேவயானி தோளைத் தொட்டாள். அதைத் தட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பிலிருந்து இறங்கி முத்துராஜா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத்தான் முதலில் சங்கடமாகப் போயிற்று. "நான்தான் தெளிவாச் சொல்லியிருக்கணும் டீச்சர். அந்த வார்த்தை வாய்ல வரல, அதான் மேல போயிட்டான்னேன். நீங்களும் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான்னு சொன்னீக. என்ன ஊருடா இது, இத்தனை தாய் போயிருச்சேன்னு நானே அன்னைக்கு அழுதேன்" என்றார். பிறகு மகளைப் பார்த்தபடி, "திங்கக்கிழமையிலருந்து எங்கூடத் தோட்டத்துக்கு வாரேங்குது. எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது" என்றார்.

ஜெபஷீலா எழுந்து யுவராணிக்கு எதிரில் நின்றார். "தப்பு ஒங்க அப்பா மேல இல்ல. ஒன் மேலயும் இல்ல. என் மேலதான். நான் கேக்காம எழுதுனேன், கேக்காமத் திட்டுனேன். ஒங்க அம்மாவைப் பேசுனதுக்கு என்னைய மன்னிச்சுக்க ஆத்தா." படத்தைப் பார்த்தும் ஒருதரம் கைகுவித்தார். "பந்தியில ஒன் எடம் அப்பிடியேதான் இருக்கு. வாரதும் வராததும் ஒன் இஷ்டம். திங்கக்கிழம நான் வாசல்ல நிப்பேன்."

யுவராணி உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனியும் ஞாயிறும் ஜெபஷீலா நடமாடினாரே தவிர எதிலும் மனம் ஒட்டவில்லை. கணவர் விஜய்ராஜ், "நீ இப்பிடி இருந்தா நான் கடைச் சாப்பாடு வாங்கிக்கிறேன்" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். பலிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு வாயில் வரவில்லை. நோட்டை எடுத்து மேலே என்ற சொல்லைப் பதினொரு இடத்திலும் அடித்தார். பத்து இடத்தில் ஏலத்தோட்டம் என்று எழுதினார். பதினொன்றாவது பக்கத்தில் இல்லை என்று எழுத வேண்டும். அதை எழுதாமலே நோட்டை மூடிவைத்துவிட்டுப் படுத்தார். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்புகள் மேலே ஏறுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. அதில் எந்த ஜீப்பில் அவள் இருக்கிறாளோ என்று படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கே வாசலில் வந்து நின்றுவிட்டார். பிள்ளைகள் வந்தார்கள். "பொங்கல் டீச்சர், தொட்டுக்க சாம்பார் டீச்சர்" என்று அவர் கேட்காமலே ஒப்பித்துவிட்டுப் போனார்கள். முதல் மணி அடித்தது. சாலையில் ஒரு பால் வண்டி போனது, ஒரு ஆட்டுமந்தை போனது. வாட்ச்மேன், "கேட்டைச் சாத்தட்டுமா டீச்சர்?" என்றார். "இருங்கய்யா, என்ன அவசரம்!" என்று அவர் மீது விழுந்தார் டீச்சர்.

இரண்டாம் மணி அடிக்கிறபோது யுவராணி வந்தாள். எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாகக் கட்டியிருந்தாள். சட்டைப்பையில் தேவயானி கொடுத்த பேனா. ஜெபஷீலாவுக்கு வாய் வரை வந்த கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. எந்த முகத்தோடு இவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது?

யுவராணி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்ன சாப்ட்டீக டீச்சர்?" என்றாள்.

"இட்லி" என்றார் ஜெபஷீலா சட்டென்று.

"தொட்டுக்க என்ன?"

ஜெபஷீலா வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷம் வாசலில் நின்றவருக்கு ஒரு சட்டினி வாயில் வரவில்லை.

"பொய்யி" என்றாள் யுவராணி. பைக்குள் கையை விட்டுச் சின்ன டப்பா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உப்புமா. சீனி தனியா மடிச்சு வச்சிருக்கேன். தின்னுட்டு வகுப்புக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.